இடது கிண்ணத்தில் கசிவு

இடது காதில் பேஸ் விழவில்லை.

காலை பத்தேகாலுக்குக் கடையின் பின்பக்கத்து அறையில் முதல் ஹெட்ஃபோனை மாட்டிய உடனேயே அவனுக்கு அது தெரிந்துவிட்டது. வலது பக்கம் டிரம்மின் உதை நெஞ்சுக்குழிவரை இறங்கியது. இடது பக்கம் அதே உதை, காலி அட்டைப்பெட்டியை யாரோ விரலால் சுண்டியதுபோல் விழுந்தது. கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினான். பழுது கருவியில் இருந்தால் அதுவும் கூடவே வலது காதுக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இரண்டாவது ஹெட்ஃபோனை எடுத்தான். மூன்றாவது. நான்காவது. நான்கு கம்பெனி, நான்கு விலை, ஒரே குறை.

கடையில் அவனுக்குப் பெயர் காது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர்தான். எந்த ஹெட்ஃபோன் எந்த இசைக்கு என்று அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ராக், மெட்டல், சிம்ஃபனி என்ற மூன்று வகை இசைக்கும் ஈடுகொடுக்கும் ஒரே ஹெட்ஃபோன் எது என்று அவன் ஒரு பட்டியல் எழுதுவான். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கடைக்கு வருவார்கள். மூன்றுக்கும் ஒன்று வேண்டும் என்பதே மடத்தனம் என்பது அவன் எண்ணம். மழைக்கும் வெயிலுக்கும் தூங்குவதற்கும் ஒரே சட்டை கேட்பவர்களிடம் என்ன பேசுவது? ஆனாலும் எழுதுவான். இன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் முதலாளி கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பேஸ் இல்லை என்று கடைக்கு வந்து நிற்பவர்களை அவனுக்குக் கண்டாலே ஆகாது. பெரும்பாலும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள். இல்லையென்றால் முடியைக் காதுக்கு மேல் வாரிவிட்டுக்கொண்டவர்கள். காசைக் கொட்டி வாங்கியதாம், சத்தம் சப்பென்று இருக்கிறதாம். அவன் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டுவான். அவர்கள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்த வாயைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனி சுகம்.

விஷயம் அத்தனை எளிது. மூடிய கிண்ணம் கொண்ட ஹெட்ஃபோனில், கிண்ணத்தின் ஓரத்து மெத்தை தலையோடு ஒட்டிக்கொள்ளும்போது காதைச் சுற்றி ஒரு சின்னஞ்சிறு அறை உண்டாகிறது. உள்ளே இருக்கும் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து அந்த அறையின் காற்றை அமுக்குகிறது. வயலினின் கீச்சுக்கும் சிம்பல் தட்டின் சிலிர்ப்புக்கும் அந்த அறை அவ்வளவு முக்கியமில்லை. தாழ்ந்த ஒலிகள், அதாவது பேஸ், மெதுவாக அசைபவை. ஓரத்தில் இடைவெளி இருந்தால், அமுங்குவதற்கு முன்பே காற்று நழுவி வெளியே போய்விடும். ஒரு மூக்குக்கண்ணாடிக் கம்பியின் பருமன் போதும், பேஸ் முழுக்க ஒழுகிவிடும். அதே வழியாக வெளிச் சத்தம் உள்ளே வரும். கசிவு எப்போதும் இருவழிப் பாதை.

அவனுக்குக் கண்ணாடி கிடையாது. தலையை வாராவாரம் மழித்துக்கொள்பவன். மெத்தை ஒட்டுவதற்கு அந்தக் கடையில் அவன் தலையைவிட நல்ல தலை இல்லை.

அப்படியானால் காதா? காதுத் துளைக்குள்ளேயே செருகும் சின்ன இயர்ஃபோனை எடுத்து இரண்டு பக்கமும் செருகிக்கொண்டான். தாழ்ந்த ஒலி இரண்டு காதிலும் ஒரே அளவாக, திண்ணென்று விழுந்தது. காது சரியாக இருந்தது. மூச்சை விட்டான். அடுத்து, பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன். சிம்ஃபனிக்காரர்களுக்கு அவன் கொடுப்பது அதுதான். கிண்ணத்தில் வலைதான் இருக்கும், சுவர் இருக்காது. இசை தலைக்குள் அடைந்து கிடக்காமல், முன்னால் ஒரு மேடை போட்டு உட்காரும். அதில் எப்படியும் பாதி வெளியே போய்விடுவதால் ஓரத்து இடைவெளி பெரிதாகத் தெரியாது. அதிலும் இரண்டு பக்கமும் சமம்.

ஆக, மூடிய கிண்ணம் மட்டும். இடது பக்கம் மட்டும். மெத்தைக்கும் அவன் தலைக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. கண்ணாடி முன் போய் நின்று பார்த்தான். மெத்தை கன்னத்திலும் கழுத்திலும் கச்சிதமாக ஒட்டியிருந்தது. விரல் நகத்தை நுழைக்கக்கூட இடமில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் முதலாளி எட்டிப் பார்த்தார். மேஜையில் ஒரு பொம்மைத் தலை உட்கார்ந்திருந்தது; ரப்பர் காது, காதுக்குள் மைக், கழுத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். போன மாதம் அவர் வரவழைத்தது. ஹெட்ஃபோனை அதற்கு மாட்டினால், எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று திரையில் ஒரு கோடு வரையும்.

“என்னப்பா காது, லிஸ்ட் முடிஞ்சுதா?”

“சாயங்காலம் குடுத்துடறேன்.”

“பாத்து. நம்ம புது ஆளு ரெடியா உக்காந்திருக்காரு.” பொம்மைத் தலையின் உச்சியைத் தட்டினார். “லீவு கேக்க மாட்டாரு. காது அடைச்சுக்கிச்சுன்னு சொல்ல மாட்டாரு.”

அவர் சும்மா சொன்னாரா, முகத்தில் எதையாவது பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று அவனுக்குப் புரியவில்லை. வாழ்நாளில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டறியாத மனுஷன். ஆனால் இந்த அறையில் அவன் இருப்பதா, அந்த ரப்பர் காது இருப்பதா என்று முடிவு செய்பவர் அவர்தான். இடது காதில் பேஸ் விழவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும்.

கதவு சாத்தப்பட்டதும் அறை தன் பழைய அமைதிக்குத் திரும்பியது. ஜன்னல் இல்லாத அறை. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகள், சுவர் முழுக்க முட்டை அட்டைபோல மேடுபள்ளமான ஃபோம், தரையில் கம்பளம், நடுவில் இரும்புக்கால் வைத்த ஒரு நாற்காலி. நண்பகலில் வெளியே சாலை அலறிக்கொண்டிருக்கும். உள்ளே தன் கண்ணிமை மூடித் திறக்கும் சத்தம் தனக்கே கேட்கும். பழைய ரப்பரும் பிறர் தலை எண்ணெயும் கலந்த ஒரு மெல்லிய வாடை எப்போதும் இருக்கும்.

சிம்ஃபனித் துண்டைப் போட்டான். மெதுவான பகுதி. வயலின்கள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒரே ஒரு செல்லோ, அந்தப் பெரிய வயலின், தணிந்து தணிந்து ஒன்பது விநாடியில் மறையும் இடம். எத்தனை மெல்லிய ஒலிவரை ஒரு ஹெட்ஃபோன் காட்டித் தருகிறது என்று பார்க்க அந்த இடம்தான் அவனுக்கு அளவுகோல்.

டொக். டொக். டொக்.

செல்லோ மறையும் இடத்தில், இடது காதில். பின் நிசப்தம். வாசிப்பவர்களில் ஒருவன் நாற்காலியை நகர்த்தியிருப்பான் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டு திரும்பப் போட்டான். இந்த முறை தட்டல் இரண்டு விநாடி முன்னால் வந்தது. மூன்றாம் முறை மிகவும் பின்னால், இசை முடிந்த பிறகு. பதிவில் இருக்கும் சத்தம் எத்தனை முறை போட்டாலும் ஒரே இடத்தில்தான் வரும். இடம் மாறினால் அது பதிவில் இல்லை. வெளியிலிருந்து வருகிறது. கசிவின் வழியாக.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி மாட்டினான்.

டொக். டொக். டொக்.

இரண்டு காதும் திறந்திருக்கும்போது இல்லாத சத்தம், மூடிய காதின் ஓரத்து இடுக்கு வழியாக மட்டும் வந்தது. கட்டடத்தில் எங்கோ ஒரு குழாய், எங்கோ ஒரு கொத்தனார். அப்படித்தான் இருக்க வேண்டும். சுவருக்கு அப்பால், காங்கிரீட்டில் உலோகம் படும் சத்தம். தட்டுபவனுக்குத் தட்டக்கூடத் தெரியவில்லை. மூன்று தட்டல்களும் மூன்று பலத்தில் இருந்தன.

மூன்று மணிக்குள் அதை மறந்து வேலையில் இறங்கினான். புரியாத ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும்போது அவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. தன் இடது காதுத் துளையில் அரிசி அளவு மைக் ஒன்றைச் செருகி, மேலே ஹெட்ஃபோனை மாட்டி அளந்தான். திரையில் கோடு வலமிருந்து இடமாகச் சமமாக வந்து, தாழ்ந்த ஒலிகள் தொடங்கும் இடத்தில் சரிந்து விழுந்தது. கசிவின் கோடு. இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். சரிவைப் பார்த்தே இடைவெளியின் அளவைச் சொல்லிவிடலாம்.

அதே ஹெட்ஃபோனைப் பொம்மைத் தலைக்கு மாட்டி, மெத்தைக்கு அடியில் ஒரு பென்சிலை வைத்து அளந்தான். சரிவு போதவில்லை. இரண்டு பென்சில். இன்னும் போதவில்லை. நான்கு பென்சில்களைச் சேர்த்து வைத்ததும் கோடு ஏறக்குறைய அருகே வந்தது, ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனமாக. பென்சில் கெட்டியானது, இது மெத்தென்ற ஏதோ. அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கிற ஏதோ.

யோசித்துப் பார்த்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. பொம்மைத் தலையின் காதோரமாக, மெத்தைக்கு அடியில், தன் இடது கையின் நான்கு விரல்களை நுழைத்துவிட்டு வலது கையால் பொத்தானை அமுக்கினான். புதிய கோடு பழைய கோட்டின் மேல் போய்ப் படிந்தது.

முழுக்கப் படியவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு மிச்சம் நின்றது. நடுவிரல் இருக்கும் இடத்தில் விரலைவிடப் பருமனான, கெட்டியான ஒன்று. என்னவென்று அவன் மனம் தேடவில்லை. தேடாமலே தெரிந்துவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு தையல்காரி வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். துணி வெட்டுகிற இடத்திலிருந்து நேராக எழுந்து வந்தவள்போல, புடவையில் நூல்கள் ஒட்டியிருந்தன. நடுவிரலில், ஊசி குத்தாமல் இருக்க மாட்டும் இரும்புத் தொப்பி. அதைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். மெட்டல் கேட்க ஒரு ஹெட்ஃபோன் வேண்டும் என்றாள். அவன் சிரிப்பை மறைக்கவில்லை. மெஷின் ஓட்டும்போது அந்த வேகம் கைக்குத் துணையாக இருக்கிறது என்று அவளே விளக்கம் சொன்னாள். அது தப்பான பதில் அல்ல என்பது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாட்டிவிட்டான். உடனே அவள் இடது கை மேலே போய், நான்கு விரலும் மெத்தைக்கு அடியில் நுழைந்து, கிண்ணத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தன.

“ஒரு காது வெளியவும் கேக்கணும் சார். வீட்டுக்காரரு படுத்த படுக்கை. பேச்சு கிடையாது. ஸ்பூனால கட்டில் கம்பியத் தட்டுவாரு.”

“அப்ப மெட்டல் எதுக்கும்மா? தாலாட்டு கேளுங்க.”

கைக்கெட்டும் தூரத்தில் பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன் ஒன்று இருந்தது. பேஸ் கொஞ்சம் குறையும், தட்டினால் கேட்கும். அவளுக்கு வேண்டியது அதுதான், அவனுக்கும் தெரியும். ஆனால் மெட்டலில் டிரம்காரன் இரண்டு காலாலும் விநாடிக்குப் பத்து உதை உதைப்பான். ஒவ்வொரு உதையும் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக நிற்க வேண்டும். அதற்கு மூடிய கிண்ணம், இறுக்கமான மெத்தை, ஓட்டையில்லாத அறை. திறந்த கிண்ணத்தை மெட்டலுக்குக் கொடுத்தான் காது என்று நாளைக்கு ஒருவன் சொல்லக்கூடாது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்தான். அவள் தடுக்கவில்லை.

“கையை மடியில வைங்க. இப்ப கேளுங்க.”

அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, மிகவும் தணிந்த குரலில், “இதுக்குள்ள இப்படி ஒரு சத்தம் இருந்துச்சா” என்றாள். அந்த வாயையும் அவன் பார்த்து ரசித்தான்.

போன சனிக்கிழமை அவள் தம்பி அந்த ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொண்டுவந்தான். இவன் பில் இருக்கிறதா என்று கேட்டான்.

“பில்லுக்கு வரல சார். வீட்ல வச்சுக்க முடியல.”

மிச்சத்தைத் தம்பி கேட்காமலே சொன்னான், மேஜை விளிம்பைப் பார்த்தபடி. மாமா, அக்கா வீட்டுக்காரர், கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். ஒரு கையை மட்டும் ஊன்றி, கூடம் முழுக்கத் தவழ்ந்திருக்கிறார். சுவரைத் தட்டியிருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார், கடைசியில் தையல் மெஷினின் இரும்புக்காலைத் தட்டியிருக்கிறார். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் குதிகாலுக்கும் அவர் ஸ்பூனுக்கும் நடுவே ஒரு முழம் இல்லை. துணியை எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தாள்; அப்போது அவருக்கு மூச்சு இல்லை. அதற்குப் பிறகு அவளும் எட்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். எட்டு நாளும் கை காதோரத்திலேயே. சோறு இல்லை, தூக்கம் இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கடைசில நாங்கதான் ஒவ்வொரு விரலா எடுத்து வச்சோம்.”

அவன் வருத்தம் தெரிவித்தான். தம்பி போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தான். மெத்தைகள் நன்றாகப் பதமாகியிருந்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வருகிறவர்கள் கேட்டுப் பார்க்க வைக்கும் வரிசையில் மாட்டிவிட்டான். கேட்டுக்கொண்டே ஓட்டியவள் அவள். காது மனுஷனுக்கு இரண்டு இருக்கிறது.

இப்போது நான்கு இருபது. மேஜையில் ஒரு பேனா கிடந்தது. அதன் இரும்பு மூடியைக் கழற்றினான். நடுவிரலில் செருகிக்கொண்டான். பொம்மைத் தலையின் மெத்தைக்கு அடியில் விரல்களை நுழைத்தான். பொத்தானை அமுக்கினான்.

கோடு கோட்டின் மேல் படிந்தது. மேடும் சேர்ந்து. ஒரே கோடு.

கையை வெளியே இழுத்தான். அளவு பொய் சொல்லாது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறான். மந்திரம் ஓதியதுபோல ஹெட்ஃபோனைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து, என் காதில் பூ சுற்றாதே, கோட்டைக் காட்டு என்பான். கோடு இதோ இருக்கிறது.

வெளியே போயிருக்கலாம். வெளியே முதலாளி இருந்தார், ஐந்து மணி இருந்தது, உள்ளே அவன் இடத்துக்குக் காத்திருக்கும் ரப்பர் காது இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கடைசி ஹெட்ஃபோனை மாட்டினான். மெட்டல் பாட்டுத் துண்டு பாக்கி. தொடங்குவதற்கு முன் ஒரு விநாடி நிசப்தம்.

டொக். டொக். டொக்.

காங்கிரீட் இல்லை இப்போது. மரம். வெளிக்கதவு. மிகவும் கீழே, தரையை ஒட்டி.

பொத்தானை அமுக்கினான். கிட்டார் சுவர்போல எழுந்தது. வலது காதில் உதைகள் சரம் சரமாக விழுந்தன. இடது காதில் அட்டைப்பெட்டி. உதைகளுக்கு நடுவே, அவற்றின் தாளத்தில் சேராமல்,

டொக். டொக்.

உள்கதவு. இரண்டு கதவுக்கு நடுவே ஒரு ஆள் நிற்க மட்டுமே இடம் உண்டு. படுக்க இடமில்லை. கதவு திறந்த காற்று எதுவும் அவன் முகத்தில் படவில்லை. கம்பளத்தில் எதுவோ இழுபட்டது. நின்றது. இழுபட்டது.

இடது காதோரம் குளிர்ந்தது. நெற்றிப்பொட்டுக்கு அருகே, ஓர் இடத்தில் மட்டும், இரும்பு படுவதுபோல.

நான்கு முப்பத்தெட்டு. பேஸ் வேண்டும். பேஸ் வராமல் இதை எழுத முடியாது.

வலது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனான். மெத்தையின் ஓரத்தைத் தடவினான். கண்ணாடியில் இல்லாதது கைக்கு இருந்தது. மெல்லிய விரல். நுனியில் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த தோல்.

சுண்டுவிரல். எடுத்தான். வந்தது.

மோதிர விரல்.

நடுவிரல். தொப்பி மெத்தையில் ஒருமுறை சிக்கியது. வந்தது.

ஆள்காட்டி.

தடுக்கவில்லை. அன்று போலவே.

மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்தான். மடியில் கனம் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

மெத்தை தலையோடு ஒட்டியது. இடது காதில் பேஸ் இறங்கியது. ஒவ்வொரு உதையும் தனித்தனியாக, வட்டமாக, நெஞ்சுக்குழிவரை. எத்தனை சுத்தம். தட்டல் இல்லை. இழுபடும் சத்தம் இல்லை. உலகத்தில் வேறு எதுவும் இல்லை. கண் கலங்கியது.

பிறகு நாற்காலியின் இரும்புக்காலில் ஓர் அதிர்வு. சத்தம் இல்லை, கம்பி வழியாக முதுகெலும்புக்கு வந்தது. மூன்று. மூன்று பலத்தில். குதிகாலுக்குப் பின்னால்.

தட்டல் உள்ளே வரட்டும் என்றுதான் விரல்கள் அங்கே இருந்தன என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மடியிலிருந்த கை மேலே வர முயன்றது. அவன் அதை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். திரும்பவில்லை. வலது கையால் பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில், கோணாமல், தெளிவாக எழுதினான்:

குறை: இடது பக்கம் பேஸ் இல்லை. காரணம்: மெத்தைக்கும் தலைக்கும் நடுவே நான்கு விரல்கள். தீர்வு: சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைக்கவும். பேஸ் முழுதாக வரும். பின்னால் யார் தட்டினாலும் கேட்காது.